வெயிலுக்கு ஒரு நிறம், மேகத்துக்கு ஒரு நிறம்: கூலிங் கிளாஸ் லென்ஸ் தேர்வில் என் அனுபவம்

கூலிங் கிளாஸ் வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஃபிரேமை; அடுத்துப் பார்ப்பது லென்ஸ் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதை. கறுப்பு கூடக்கூடக் கண்ணுக்குப் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுவதும், நெடுந்தூரம் கார் ஓட்டுவதும், ஓய்வு கிடைத்தால் தூண்டிலுடன் நீர்நிலைகளுக்கோ முதுகுப்பையுடன் மலைகளுக்கோ செல்வதும் என் வழக்கம். இந்த நான்கு இடங்களிலும் காய்வது ஒரே வெயில்தான். ஆனால் கண்ணுக்கு அது தரும் தொல்லை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சைக்கிளில் செல்லும்போது மரநிழலும் வெயிலும் மாறி மாறி வருவதுதான் சிக்கல். காரில் எதிரே வரும் வண்டிகளிலும் ஈரச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி. நீரில் மேற்பரப்பின் பளபளப்பு. பனிமலையில் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயத்தில் தாக்கும் வெளிச்சம். இவை அனைத்துக்கும் ஒரே லென்ஸ் ஈடுகொடுக்காது. எந்த இடத்துக்கு எது பொருந்துகிறது என்று பல ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், கடையில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லப்படும் நான்கு செய்திகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திறன், லென்ஸின் கறுமை, லென்ஸின் நிறம், தெறித்து வரும் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு தன்மை. இவற்றில் ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று பொருளில்லை.

புற ஊதாக் கதிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் லென்ஸுக்கு யூவி400 என்று குறியிடுவார்கள். அது இல்லாத கண்ணாடி என்ன நிறத்தில் இருந்தாலும் நான் வாங்குவதில்லை. இந்தத் தடுப்புக்கும் கறுமைக்கும் தொடர்பே கிடையாது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸ் எந்தச் சாயமும் ஏற்றாமல் தெளிவாக இருக்கும்போதே புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். மாறாக, தடுப்பே இல்லாத ஒரு கறுப்பு லென்ஸ் வெறுங்கண்ணைவிடத் தீங்காக முடியலாம்; வெளிச்சம் குறைந்துவிட்டதென்று கண்மணி விரிகிறது, கூச்சத்தால் இமையைச் சுருக்குவதும் நின்றுபோகிறது, விரிந்த வாசல் வழியாகப் புற ஊதாக் கதிர் தாராளமாக உள்ளே நுழைகிறது. வானம் மூட்டமாக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது, ஏனெனில் மெல்லிய மேகம் இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது.

கறுமைக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஐஎஸ்ஓ 12312-1 என்னும் சர்வதேசத் தரவரையறை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எத்தனை சதவீதத்தை லென்ஸ் உள்ளே விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரிக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் விடுவது வகை 0. 43 முதல் 80 வரை வகை 1. 18 முதல் 43 வரை வகை 2. 8 முதல் 18 வரை வகை 3. 3 முதல் 8 வரை மட்டுமே விடுவது வகை 4. இந்த எண்ணைப் பெரும்பாலும் கண்ணாடிக் காம்பின் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அல்லது உடன் வரும் சீட்டில் குறித்திருப்பார்கள். கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்கும் முன்பு நான் தேடுவது இந்த எண்ணைத்தான்.

எண்ணின் பொருள் விளங்க ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). 12 சதவீதம் விடும் வகை 3 லென்ஸை அணிந்தால் கண்ணுக்கு எட்டுவது 12,000 லக்ஸ், அதாவது மேகமூட்டமான ஒரு பகலின் வெளிச்சம். கண் அதில் நிம்மதியாக வேலை செய்யும். அதே லென்ஸுடன் சூரியன் மறையும் நேரத்தில், வெளிச்சம் 400 லக்ஸுக்கு இறங்கிய பிறகும் நடந்துகொண்டிருந்தால் கிடைப்பது வெறும் 48 லக்ஸ். மங்கலான விளக்கு எரியும் அறைக்கு ஒப்பான அளவு அது. கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை முழுமையாக விரிந்தாலும் அதன் பரப்பு 16 மடங்குதான் கூடும். மீதியை விழித்திரை மெதுவாகப் பழகித்தான் ஈடுசெய்ய வேண்டும். வயது ஏற ஏறக் கண்மணி இளமையில் விரிந்த அளவுக்கு விரிவதில்லை, கண்ணின் உள்லென்ஸும் மஞ்சளடைந்து ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. ஆகவே இளைஞருக்கு இதமாக இருக்கும் ஒரு கறுமை, அறுபது வயதைக் கடந்தவருக்கு நிழலில் படிக்கட்டின் விளிம்பையே மறைத்துவிடக்கூடும். பெரியவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி நிறம். கண்ணாடி விளம்பரங்கள் அதிகமாகப் பூசி மெழுகுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

சாம்பல் நிற லென்ஸ் எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கிறது. உலகம் அதே நிறத்தில், கொஞ்சம் அடங்கிய வெளிச்சத்தில் தெரியும். நிறங்களை உள்ளபடி பார்க்க வேண்டிய வேலை எதுவாக இருந்தாலும், நண்பகல் வெயிலில் இதற்கு நிகரில்லை. பச்சை லென்ஸ் ஏறக்குறைய இதன் அண்டை வீடு. பச்சைப் பகுதியைச் சற்றுக் கூடுதலாக விடுவதால் பார்வை கொஞ்சம் மிருதுவாகத் தோன்றும், ஆனால் நிறங்கள் பெரிதாகக் குலைவதில்லை. விமானிகளுக்காக 1930-களில் உருவான கண்ணாடிகள் பச்சையாக இருந்ததிலிருந்து இந்த நிறத்துக்கு ஒரு மவுசு உண்டு.

பழுப்பு, தேன்நிறம், செம்புநிறம் ஆகியவை வேறு இனம். இவை நீல ஒளியை அதிகமாக வெட்டுகின்றன. குறைந்த அலைநீளம் கொண்ட நீல ஒளிதான் காற்றில் மிகுதியாகச் சிதறுகிறது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைப் போல ஏறத்தாழ 4 மடங்கு சிதறும். தொலைவிலுள்ள மலை நீலம் பூத்து மங்கலாகத் தெரிவதற்கு அதுவே காரணம். போதாததற்கு, நீல ஒளி கண்ணுக்குள்ளும் மற்ற நிறங்கள் குவியும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே குவிந்துவிடுகிறது. அந்தப் பகுதியைக் கழித்துவிட்டால் விளிம்புகள் கூர்மையாகின்றன, மேடு பள்ளம் எடுத்துக் காட்டுகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, நிறங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது: நீலச் சட்டை அழுக்குச் சாம்பலாகத் தெரியும், வெள்ளைச் சுவரில் இளமஞ்சள் ஏறியிருக்கும்.

இந்த வேறுபாட்டை நான் மிகத் தெளிவாக உணர்வது அதிகாலைச் சைக்கிள் பயணத்தில். இருபுறமும் மரங்கள் அடர்ந்த சாலையில், தாழ்ந்த வெயில் இலைகளின் இடைவெளி வழியே விழுந்து தார்ச்சாலையைப் புள்ளி புள்ளியாக்கியிருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளமும், ஒட்டுப்போட்ட தாரின் விளிம்பும், நனைந்து கிடக்கும் ஓர் இலைச் சருகும் ஒரே கருநிறத் திட்டுகளாகத்தான் தெரியும். வகை 3 சாம்பல் லென்ஸை அணிந்தால் வெயில் படும் இடம் இதமாகிறது, ஆனால் நிழல் பகுதி முழுவதும் ஒரே கருமையாகி, பள்ளத்தின் உதடு சக்கரத்துக்கு மிக அருகே வந்த பிறகே கண்ணில் படுகிறது. அதே இடத்தில் வகை 1-க்கும் 2-க்கும் எல்லையில் இருக்கும் ரோஜா நிறம் அல்லது வெளிர் செம்புநிற லென்ஸ், பள்ளத்தின் விளிம்பில் உதிர்ந்து கிடக்கும் சரளைக்கல்லைக்கூட முன்னதாகவே பிரித்துக் காட்டுகிறது. அதிலிருந்து சைக்கிளுக்கு நான் கறுப்புக் கண்ணாடி எடுத்துச் செல்வதே இல்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன் என்றால் வெளிர்நிற லென்ஸ் ஒன்றே போதும். பொழுது விடியாத நேரத்தில் கிளம்பினால் முற்றிலும் தெளிவான லென்ஸ், தூசிக்கும் பூச்சிக்கும் மறைப்பாக.

மஞ்சள் லென்ஸ் பனிமூட்டத்திலும் மேகமூட்டத்திலும் தன் வேலையைச் செய்கிறது. அதை அணிந்தவுடன் உலகமே பிரகாசமாகிவிட்டதுபோல் ஓர் உணர்வு வரும். உண்மையில் அதுவும் ஒளியைக் குறைக்கத்தான் செய்கிறது. கூடியதுபோல் தோன்றுவது நம் பார்வையின் மயக்கம். இந்த மயக்கத்தை நம்பித்தான் இரவில் கார் ஓட்டுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். 2019-இல் ஜாமா ஆப்தல்மாலஜி என்னும் கண் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, எதிர்வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்கும் நிலையில் சாலையைக் கடக்கும் பாதசாரியைக் கண்டுகொள்வதற்கு மஞ்சள் லென்ஸ் உதவவில்லை என்றே காட்டியது. தரவரையறையும் 75 சதவீதத்துக்குக் குறைவாக ஒளியை விடும் எந்த லென்ஸும் அந்திக்குப் பிறகு வண்டி ஓட்ட ஏற்றதல்ல என்கிறது. இரவில் எதிர்விளக்குத் தொல்லை தாங்க முடியவில்லையென்றால் முதலில் செய்ய வேண்டியது வண்டியின் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பது. அடுத்தது கண் பரிசோதனை. மஞ்சள் கண்ணாடிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை என்பது என் கருத்து.

நீலம், ஊதா போன்ற நிறங்கள் அழகுக்கானவை. யூவி400 இருந்தால் அணிவதில் குற்றமில்லை; ஆனால் பார்வைக்கு அவை பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. அதேபோல், வெளிப்புறத்தில் தெரியும் வண்ண மினுமினுப்பை லென்ஸின் நிறமென்று கொள்ளக் கூடாது. அது மேலே ஏற்றப்பட்ட பிரதிபலிப்புப் பூச்சு. ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் வேலையை அது செய்கிறது. வெளியே நீலமாக மினுங்கும் கண்ணாடியின் அடிநிறம் சாம்பலாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம். கண்ணில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பகலில் கார் ஓட்டுவதற்கு நான் வைத்திருப்பது வகை 3-இல் பழுப்பு. சாம்பலும் பொருத்தமானதே, சிவப்பு-பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்களுக்குச் சாம்பல்தான் நல்லது, ஏனெனில் அடர்ந்த பழுப்பும் ரோஜா நிறமும் சிக்னல் விளக்கின் நிறங்களை மேலும் குழப்பக்கூடும். வகை 4-ஐ அணிந்து வண்டி ஓட்டவே கூடாது; இது விருப்பத்துக்கு விட்ட செய்தி அல்ல, அந்த வகைக் கண்ணாடிகளில் கார்ப் படத்தின் மேல் குறுக்குக் கோடிட்ட எச்சரிக்கையே அச்சிட்டிருக்கும். சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன் கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறுபவர்களுக்கு, மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் இருக்கும் லென்ஸ் ஒரு நல்ல ஏற்பாடு. அதில் வானத்தின் கூச்சமும் அடங்கும், முன்பலகையில் உள்ள எண்களும் தெளிவாகத் தெரியும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸை நம்பிக் காரில் ஏறுபவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த லென்ஸைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். காரின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்துச் செய்யப்படுவதால் அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. ஆகவே வெளியே நிற்கும்போது கருகருவென்றிருந்த லென்ஸ், ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வெளிறிப்போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் ஓரளவு கறுக்கும்படி செய்யப்பட்ட வகைகள் இருக்கின்றன. கார்தான் முக்கியம் என்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு குணமும் இந்த லென்ஸுக்கு உண்டு: குளிரில் நன்றாகக் கறுத்து மெதுவாகத் தெளியும், கடும் வெப்பத்தில் அவ்வளவாகக் கறுக்காது. வெயில் கொளுத்தும் நாளில்தான் அது குறைவாக வேலை செய்யும் என்பது ஒரு வேடிக்கை. நடைக்கும் சைக்கிளுக்கும், வீட்டுக்கும் வெளிக்குமாக அலைபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

போலரைஸ்டு லென்ஸின் அருமை நீர்க்கரையில்தான் தெரியும். நீர், ஈரச் சாலை, காரின் மேற்பரப்பு போன்ற கிடைமட்டமான பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைவாக்கிலேயே அதிர்கிறது. போலரைஸ்டு லென்ஸ் அந்த அதிர்வை மட்டும் வெட்டி, மற்றதை விடுகிறது. நீரைப் பொறுத்தவரை, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகைச் சாய்வில் பார்க்கும்போது இந்த விளைவு உச்சத்தில் இருக்கும். என்னுடன் வரும், வயதில் மூத்த தூண்டில்காரர் ஒருவர் இந்தக் கோணக் கணக்கெல்லாம் பேசமாட்டார். “தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க தம்பி, எந்த இடத்துல தண்ணி மறையுதோ அங்க நிறுத்துங்க” என்பார். அப்படியே செய்தால், ஒரு கணம் முன்பு வெள்ளித்தகடாக இருந்த பரப்பு விலகி, அடியில் பாசி படிந்த கல்லும், கல்லுக்குப் பின்னால் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் மீனின் முதுகும் துலக்கமாகின்றன. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பளபளப்பு மீண்டும் வந்து மூடிக்கொள்கிறது.

நீரிலும் நிறம் முக்கியம். ஆழமற்ற, அடி தெரியும் நீருக்குச் செம்பு அல்லது பழுப்பு. பாசியும் மணலும் கல்லும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும். திறந்த கடல், நடுப்பகல் என்றால் சாம்பல்; அங்கே அடியைப் பார்க்கப்போவதில்லை, கூச்சத்தை அடக்கினால் போதும். போலரைஸ்டு படலமே ஒளியில் பாதியளவை விழுங்கிவிடுவதால் மிக வெளிர்ந்த போலரைஸ்டு லென்ஸ் கிடைப்பது அரிது. விடியற்பொழுதில் தூண்டில் போடுபவர்கள் வகை 2-இல் தேன்நிறமோ மஞ்சளோ தேடிப் பார்க்கலாம்.

இந்த லென்ஸுக்குத் தொல்லைகளும் உண்டு. எல்சிடி திரைகள் போலரைஸ்டு ஒளியால் இயங்குவதால், படகின் ஆழமானியோ, வண்டியின் முன்பலகையோ, கைப்பேசியோ சில கோணங்களில் இருண்டுவிடும். காரின் பக்கக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும், கெட்டிப்படுத்தும்போது ஏற்பட்ட அழுத்தங்கள் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சிலருக்கு அது ஓயாத எரிச்சல். பனிச்சரிவில் போலரைஸ்டு வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வழுக்கும் பனிக்கட்டித் திட்டை அதன் மினுமினுப்பை வைத்துத்தான் நான் தூரத்திலேயே அடையாளம் காண்கிறேன். அதையே அழித்துவிடும் லென்ஸ் எனக்கு அங்கே வேண்டாம்.

பனிமலையில் மட்டும்தான் வகை 4-க்கு உண்மையான தேவை இருக்கிறது. புதிய பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். காய்ந்த மணலில் இது ஏறத்தாழ 15 சதவீதம்தான். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. பாதுகாப்பின்றிச் சில மணி நேரம் நடந்தால் கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோகும். வலி உடனே வராமல் சில மணி நேரம் கழித்து, மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தலுடன் தொடங்கும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒளி வருவதால் லென்ஸ் எவ்வளவு கறுப்பானாலும் பக்கவாட்டு மறைப்பு இல்லாவிட்டால் பாதிப் பயன்தான். சாயமேற்றிய கண்ணாடி வருவதற்கு வெகுகாலம் முன்பே வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய பிளவு வெட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள்; அதில் நிறமுமில்லை, லென்ஸுமில்லை, ஆனால் ஒளி வரும் வழியை அடைப்பதே முதல் வேலை என்பது தெளிவாக இருக்கிறது. வானம் மூடி, நிழலே விழாத பனிநாளில் இதே வகை 4 ஆபத்தாகிவிடும்; மேடும் பள்ளமும் ஒரே வெண்மையில் கரைந்துபோகும் அந்த வெளிச்சத்துக்கு வகை 1 அல்லது 2-இல் ரோஜா நிறமோ மஞ்சளோதான் பொருந்தும். மலைக்குச் செல்லும்போது இரண்டையும் பையில் வைத்துக்கொள்வேன்.

பந்து விளையாட்டுகளைப் பற்றி ஒரு வரி: நீலவானத்தின் பின்னணியில் உயரே எழும் பந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பழுப்பு லென்ஸ் வானத்தின் நீலத்தை அடக்கிப் பந்தைத் தனியே நிறுத்திக் காட்டும்.

கடையில் சோதிக்கும்போது விளக்கொளியில் ஆடி முன் நின்று முடிவெடுக்காமல், அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும். வெயில் படும் சுவரைப் பார்த்துவிட்டு உடனே அருகிலிருக்கும் நிழல் மூலையைப் பார்த்து, அங்கே உள்ள பொருள்களின் விளிம்பு தெரிகிறதா என்று கவனிப்பேன். வெயிலில் இதமாக இருக்கும் லென்ஸ்கள் பல இந்த இடத்தில் தோற்றுவிடும். முடிந்தால் ஒரு சிக்னல் விளக்கையும் பார்த்துவிடுவது நல்லது. போலரைஸ்டா என்பதை அறிய எல்சிடி திரையின் முன் கண்ணாடியைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் திரை இருள வேண்டும். சில கைப்பேசித் திரைகளில் இது நடக்காது. அப்போது ஏற்கெனவே போலரைஸ்டு என்று தெரிந்த மற்றொரு லென்ஸைக் குறுக்காக மேலே வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய முழுக் கறுப்பாகும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, லென்ஸின் உட்புறத்தில் நம் கன்னமும் கண்ணும் பிரதிபலித்துத் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தெரிந்தால் உட்பக்கத்தில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லையென்று பொருள், அது நெடுநேரம் அணிபவரைக் களைப்படையச் செய்யும். எந்தக் கூலிங் கிளாஸாலும் சூரிய கிரகணத்தைப் பார்க்கக் கூடாது; வகை 4-ஆலும் கூடாது. அதற்கான வடிப்பானுக்கு ஐஎஸ்ஓ 12312-2 என்று தனித் தரவரையறையே இருக்கிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு வகை 3-இல், 15 சதவீதத்துக்கு அருகே ஒளியை விடும் பழுப்பு லென்ஸைச் சொல்வேன். நீரருகே அதிகம் இருப்பவர் என்றால் அதிலேயே போலரைஸ்டு. இரண்டாவதாக ஒன்று வாங்கும் வசதி இருந்தால், பலர் செய்வதுபோல் இன்னொரு கறுப்பை வாங்காமல், காலைக்கும் மாலைக்கும் மழைநாளுக்குமாக வகை 1-இல் ரோஜா நிறமோ வெளிர் செம்போ வாங்கலாம். என் அனுபவத்தில் ஆண்டு முழுவதும் அதிகமாகக் கைக்கு வருவது அதுதான். பார்வைக்குப் பவர் போட்டவர்கள் அதே பவரில் நிறமேற்றிய லென்ஸ் செய்துகொள்வது மேல். அது இயலாதபோது, வழக்கமான கண்ணாடியின் மேல் மாட்டிக் கழற்றும் போலரைஸ்டு கிளிப் போதுமானது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி சேர்ந்து கீறல் விழுந்தால், தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், துடைக்கும் துணியை உதறிவிட்டு, முடிந்தால் லென்ஸைத் தண்ணீரில் அலசிய பிறகே துடைக்க வேண்டும்.